புது டேபிள் சாவில் வீல் இறுகுகிறதா? எங்கே இறுகுகிறது என்று முதலில் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டு முன்வாசலில் தச்சு வேலை செய்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். வாரநாளில் ஃபேக்டரி வேலை, சனி ஞாயிறில் சாமி மேடை, சமையலறை அலமாரி, தைப்பூசம் நெருங்கினால் காவடிக்குப் பலகை. ஆர்டர் நாலு சேர்ந்ததும் டேபிள் சா, அதாவது மேசைக்கு நடுவே பிளேடு எழும் ரம்பம், ஒன்று வாங்கிவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்த அன்றே போன் வரும்: "அண்ணே, பிளேடு ஏத்துற வீல் திரும்பவே மாட்டேங்குது. எண்ணெய் ஊத்தட்டுமா?"

ஊற்றாதீர்கள். புது இயந்திரத்தில் எண்ணெய் இல்லாமல் வீல் இறுகுவது அபூர்வம். பெரும்பாலும் நாம் எதையோ கழற்றாமல் விட்டிருப்போம். இல்லையென்றால் பூட்டி அனுப்பியவர்கள் எதையோ அளவுக்கு மேல் முறுக்கியிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால், கப்பலில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டி கிரீஸ் பல்லுக்குள் உறைந்து கிடக்கும். இந்த மூன்றில் எதற்கும் எண்ணெய் மருந்தில்லை. ஊற்றினால் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் லேசாகும். அடுத்த வாரம் மரத்தூள் அதில் ஒட்டி, முன்பைவிட மோசமாகும்.

கீழே சொல்வது முன்பக்கத்தில் உயர வீலும் பக்கவாட்டில் சாய்வு வீலும் உள்ள டேபிள் சாவுக்கு. தூக்கிக்கொண்டு போகிற சின்ன வகையில் சாய்வுக்கு வீலுக்குப் பதில் ஒரு லீவர் இருக்கும். மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பலகையை ஒரே தடிமனாகச் சீவும் திக்னஸருக்குப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. மூன்று முள்ளும் வெளியே வந்து, பிளக் உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் கிடக்க வேண்டும். பிறகு பிளேடைக் கழற்றி வையுங்கள். கை உள்ளே போகப்போகிறது. சுற்றாத பிளேடும் வெட்டும்.

தேவையானவை: அலன் கீ செட், 10, 13 எம்எம் ஸ்பேனர், நல்ல டார்ச், பழைய பல் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், பழந்துணி, ஒரு பெர்மனண்ட் மார்க்கர். சுத்தியல் வேண்டாம். பக்கத்தில் இருந்தால் கை தானாக அதைத் தேடும்.

எதையும் தளர்த்துவதற்கு முன், வீலைச் சுற்றும்போது அது திணறுவதை போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். கடைக்காரரிடம் பேசும் நிலை வந்தால் அதுதான் சாட்சி.

அடுத்து, பிளேடு உட்காரும் தண்டை அடிவரை இறக்கி, மேல்வரை ஏற்றி, மறுபடி இறக்குங்கள். அவசரமில்லாமல், ஒரே வேகத்தில். இறுக்கம் எப்படி வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். முழுத் தூரமும் ஒரே கனமா? ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை பிடிக்கிறதா? ஏதோ ஓர் உயரத்தில் மட்டுமா? ஒரு திசையில் மட்டுமா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் ஸ்பேனரை எடுத்தால் நன்றாக இருக்கிற போல்டையும் தளர்த்தி வைப்பீர்கள்.

வீல் அசையவே இல்லை

முதலில் லாக். வீலின் நடுவில் சின்னக் குமிழ் ஒன்று இருக்கும். அதை முறுக்கினால் உள்ளே ஒரு கம்பி போய் வீல் தண்டை அழுத்திப் பிடிக்கும். வழியில் அதிர்ந்து தளராமல் இருக்க அதை நன்றாக முறுக்கித்தான் அனுப்புவார்கள். இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்பிவிட்டு "லாக்கை எடுத்துவிட்டேன்" என்பவர்கள் நிறைய. இரண்டு மூன்று சுற்று திருப்புங்கள். குமிழ் தளர்ந்தும் பிடி விடவில்லை என்றால் உள்ளே கம்பி ஒட்டியிருக்கிறது. ஒரு மரத்துண்டை வைத்து வீலின் நடுவில் மெல்லத் தட்டினால் விடும். உயரத்துக்கு ஒரு லாக், சாய்வுக்கு ஒரு லாக் என்று இரண்டு உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

லாக் சரி என்றால் குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். மோட்டாருக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே வெள்ளை ஃபோம் கட்டை ஒன்றைச் செருகியிருப்பார்கள். வழியில் மோட்டார் தொங்கி ஆடாமல் இருக்க அது. பெட்டியைப் பிரிக்கும்போது மேலே இருக்கிற ஃபோமையெல்லாம் எடுத்துவிட்டு இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. பின்பக்கக் கதவைத் திறந்து டார்ச் அடியுங்கள். ஃபோம் துண்டு, வயரை மோட்டாரோடு சேர்த்துக் கட்டிய பிளாஸ்டிக் பட்டை, வேறு நிறப் பெயிண்ட் அடித்த தகட்டுத் துண்டு, எதுவானாலும் "இது ஓடும்போது தேவையா?" என்று கேளுங்கள். கையேட்டில் படம் இருக்கும். எழுத்து சீனத்தில் இருந்தாலும் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, திசை. அடிவரை இறக்கிக் கடைசித் தடுப்பில் இறுக்கி நிறுத்தி அனுப்பியிருந்தால், இறக்கும் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தால் அது எப்படி அசையும்? ஏற்றும் பக்கமாக ஒரு தடவை அழுத்தமாகத் திருப்பிப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தாமான் குடியிருப்பில் ஒரு தம்பி, வீல் அசையவில்லை என்று கைப்பிடியில் குழாயைச் செருகி நெம்பினான். வீலைத் தண்டோடு சேர்த்து வைத்திருக்கும் சின்ன ஊசிப் பின் முறிந்தது. அதற்குப் பிறகு வீல் அருமையாகச் சுற்றியது. பிளேடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஃபோம் கட்டை அப்போதும் உள்ளேதான். பின் முறிந்தது ஒருவகையில் அவன் அதிர்ஷ்டம். அது நின்றிருந்தால் வார்ப்பிரும்புப் பல் போயிருக்கும்.

லாக்கை முழுக்கத் தளர்த்தி, அடியில் எல்லாவற்றையும் எடுத்து, இரண்டு திசையிலும் பார்த்தாகிவிட்டது, இன்னும் அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அட்டைப் பெட்டியின் மூலை நசுங்கியிருந்ததா என்று பாருங்கள். நசுங்கியிருந்தால் உள்ளே தண்டு வளைந்திருக்க வாய்ப்புண்டு. பிரிக்காமல் கடைக்குச் சொல்லுங்கள்.

அசைகிறது, ஆனால் அடியிலிருந்து மேல்வரை ஒரே கனம்

அதிகம் வருகிற புகார் இதுதான். காரணமும் ஒன்றுக்கு மேல் இருக்கும். வரிசை மாற்றாமல் போங்கள்.

லாக்கை மறுபடி பாருங்கள். முழுக்க விடாத லாக் இப்படித்தான் உணர்த்தும்.

அடுத்தது கிரீஸ். உள்ளே வீல் தண்டின் முனையில் திருகு போல் வெட்டிய ஒரு பல், அது ஏறி இறங்கும் பிறைவடிவப் பல்சட்டம். இரண்டிலும் தேன் நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதாவது அப்பியிருந்தால் அது உராய்வைக் குறைக்கப் போட்டதல்ல, துருவைத் தடுக்கப் போட்டது. பல் பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்து எடுங்கள். பெட்ரோல் வேண்டாம், மூடிய பெட்டிக்குள் ஆவி தங்கும், பக்கத்தில் மோட்டார். தின்னர் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். மண்ணெண்ணெய் பெல்ட்டிலும் மோட்டாரிலும் படாமல் துணியால் மூடிவிட்டு வேலை செய்யுங்கள். ஒரு பக்கம் தேய்த்து, வீலைச் சுற்றி, அடுத்த பக்கம் தேய்த்து, முழுச்சட்டமும் உலோக நிறம் தெரியும்வரை. பல்லின் அடிக்குழியில் ஒரு கோடு மிச்சமிருந்தாலும் அதுதான் பிடிக்கும். ஒரு குச்சியைச் சீவி அந்தக் கோட்டை வழித்தெடுங்கள்.

துடைத்துக் காயவிட்டு, உலர்ந்த வகை ஸ்பிரே போடுங்கள்: டெஃப்லான் கலந்தது அல்லது கிராஃபைட். கிடைக்கவில்லையென்றால் வெள்ளை மெழுகுவர்த்தியைப் பல்லில் தேய்த்து இருபது முப்பது தடவை ஏற்றி இறக்குங்கள், போதும். டபிள்யூ.டி-40 எல்லா வீட்டிலும் இருக்கும். அதன் பெயரே ஈரத்தை விரட்டுவது என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அழுக்கு கரைக்க நல்லது. பல்லில் தங்கி நின்று வேலை செய்யாது. சிலிக்கான் ஸ்பிரேயை மட்டும் தச்சுக் கொட்டகைக்குள்ளேயே விடாதீர்கள். மேசையில் பட்டு, அங்கிருந்து பலகைக்குப் போய், வார்னிஷ் அடிக்கும்போது மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். சாமி மேடையில் அப்படி வந்தால் முழுவதையும் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும்.

சுத்தம் செய்தும் கனம் குறையவில்லையா? வீலுக்குப் பின்னால், பெட்டியின் தகட்டை ஒட்டி, தண்டில் ஒரு வளையம் இருக்கும். அதைச் சின்ன அலன் திருகால் இறுக்கியிருப்பார்கள். தண்டு முன்னும் பின்னும் ஆடாமல் இருக்க அந்த வளையம். அதைத் தகட்டோடு அழுத்தி முறுக்கிவிட்டால் ஒவ்வொரு சுற்றும் உரசும். அலன் திருகைத் தளர்த்துங்கள், சாதாரண எழுதும் தாள் ஒன்றைத் தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே வையுங்கள், வளையத்தைத் தாளோடு ஒட்டித் திருகை இறுக்குங்கள், தாளை உருவுங்கள். தாளின் தடிமன் சுமார் 0.1 எம்எம், அந்த இடைவெளி போதும். இந்த ஒரு வேலையோடு வீடு திரும்பியது எனக்கு அடிக்கடி நடந்திருக்கிறது.

அதற்கும் சரியாகாவிட்டால் பல்லும் பல்லும் சேரும் இறுக்கத்தைப் பாருங்கள். வீலை ஒரு திசையில் திருப்பி, நிறுத்தி, எதிர்த்திசையில் மிக மெதுவாகத் திருப்புங்கள். பிளேடுத் தண்டு நகரத் தொடங்குமுன் வீல் கொஞ்சம் வெறுமனே போக வேண்டும். அந்தச் சின்ன ஆட்டம் இருந்தால்தான் பல்லுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது என்று அர்த்தம். ஆட்டமே இல்லையென்றால் இரண்டும் முட்டி நிற்கின்றன. பல மாடல்களில் இதற்கென்று மையம் விலகிய புஷ், அதாவது துளை நடுவில் இல்லாத உலோக வளையம், ஒன்று உண்டு. அதன் நட்டைத் தளர்த்திப் புஷ்ஷை மயிரிழை திருப்பினால் இடைவெளி மாறும். திருப்புவதற்கு முன் மார்க்கரால் பழைய இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடு போடாமல் திருப்பினால் திரும்பி வர வழியில்லை.

கடைசியாக, மோட்டாரையும் பிளேடையும் தாங்கும் வளைந்த வார்ப்பை மேசையோடு பிடிக்கும் போல்ட்டுகள். இவற்றை நான் கடைசிவரை தொடமாட்டேன். தளர்த்தினால் பிளேடு மேசைப் பள்ளத்துக்கு இணையாக நிற்பது கெட்டுப்போகும். அதைத் திரும்ப நேராக்கத் தெரியும், மூலைமட்டம் கையில் இருக்கிறது என்றால் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். பிறகு பிளேடை மறுபடி மாட்டி, அதன் ஒரே பல்லில் மார்க்கர் புள்ளி வைத்து, முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பள்ளத்திலிருந்து அளந்து இரண்டும் ஒத்துப்போகும்வரை திருத்துங்கள். இதில் நம்பிக்கை இல்லையென்றால் ஆளைக் கூப்பிடும் இடம் இதுதான்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடிக்கிறது

வீலின் உச்சியில் மார்க்கரால் ஒரு கோடு. பிடிக்கும்போது கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றால் குற்றம் வீலிலோ தண்டிலோதான்.

சுலபமானது வீல். வீலின் விளிம்பு எங்காவது பெட்டியை உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் பெயிண்ட் உரிந்த கோடு இருக்கும். கைப்பிடியின் திருகு உட்பக்கம் நீண்டு தகட்டில் இடிப்பதும் உண்டு. வீலைக் கொஞ்சம் வெளியே இழுத்து மறுபடி பூட்டினால் தீரும்.

வீலைக் கழற்றிவிட்டு, தண்டைத் துணி சுற்றிய பிளையரால் திருப்புங்கள். பிடிப்பு போய்விட்டதா? வீல்தான். இன்னும் இருக்கிறதா? தண்டின் முனைக்கு எதிரே ஒரு பென்சிலை அசையாமல் பிடித்து, தண்டைச் சுற்றுங்கள். முனை பென்சிலை நோக்கி வந்து விலகி வந்து விலகினால் தண்டு வளைந்திருக்கிறது. புதுச் சாமானில் வளைந்த தண்டை நிமிர்த்திப் பார்க்காதீர்கள். உத்தரவாதத்தில் மாற்றித் தரவேண்டியது அது. நீங்கள் நிமிர்த்தியதற்கு அடையாளம் தெரிந்தால் தரமாட்டார்கள்.

ஓர் உயரத்தில் மட்டும் பிடிக்கிறது

இங்கே பல்சட்டத்தின் ஒரு பல்லில் ஏதோ இருக்கிறது, அல்லது அந்த உயரத்தில் எதுவோ குறுக்கே வருகிறது.

குறுக்கே வருவதை முதலில் பாருங்கள், ஏனென்றால் அதற்குச் செலவில்லை. தூசி உறிஞ்சும் குழாய், மோட்டார் வயர், பிளேடு நுழையும் தகடு, பலகையைப் பிரித்து நிறுத்தும் கத்தித் தகடு. ஒவ்வொன்றாக விலக்கியோ கழற்றியோ ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

எதுவும் குறுக்கே இல்லையென்றால் பல்லைப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்த பல்சட்டத்தில், பிடிக்கும் இடத்தைச் சுற்றி நாலைந்து பல்லுக்கு மார்க்கர் மையைப் பூசுங்கள். காயட்டும். வீலை அந்த இடத்தைத் தாண்டி நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். இப்போது டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாப் பல்லிலும் மை லேசாக மங்கியிருக்கும். ஒன்றில் மட்டும் பளீரென்று இரும்பு தெரியும். பெயிண்ட் கட்டியாகவோ வார்ப்பில் மிஞ்சிய மணியாகவோ இருக்கும். பெயிண்ட் என்றால் கத்தி முனையால் சுரண்டினால் போய்விடும். இரும்பு என்றால் முக்கோணச் சின்ன அரத்தால் அந்தப் பளபளப்பான புள்ளியை மட்டும் இரண்டு மூன்று தடவை தொடுங்கள். மறுபடி மை, மறுபடி ஓட்டம், மறுபடி பாருங்கள். பக்கத்துப் பல்லைத் தொடாதீர்கள்.

வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைப் பூசி ஓட்டினால் எல்லாம் வழவழப்பாகும் என்று யாராவது சொல்வார்கள். அந்த மணல் பல்லிலேயே தங்கிவிடும். பிறகு நீங்கள் வேண்டாம் என்றாலும் அது தேய்த்துக்கொண்டே இருக்கும்.

பல்லில் விரிசல் அல்லது துண்டு போயிருப்பது தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். வார்ப்பிரும்பைப் பக்கத்து வெல்டிங் கடையில் ஒட்டவைக்க முடியும் என்று நம்பாதீர்கள். சூடு ஆறும்போது பக்கத்தில் இன்னொரு விரிசல் விடும்.

ஏற்றும்போது கனம், இறக்கும்போது லேசு

இது நோயில்லை. மோட்டாரின் எடையைக் கையால் தூக்குகிறீர்கள். வித்தியாசம் மிக அதிகம் என்றால் மட்டும், அந்த மாடலில் எடையைத் தாங்க ஸ்பிரிங் உண்டா, அது கொக்கியை விட்டுக் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

தலைகீழாக இருந்தால், அதாவது ஏற்றும்போது லேசு, இறக்கும்போது கனம் என்றால் சந்தேகமே வேண்டாம். அடியில் எதுவோ மாட்டியிருக்கிறது. உறிஞ்சும் குழாய் மடங்கி மோட்டாருக்குக் கீழே நிற்பதுதான் வழக்கமான காரணம். வயர் மாட்டியிருந்தால் உடனே விடுவியுங்கள். இறக்கி இறக்கி அதன் தோல் உரிந்தால் பிரச்சினை வீலோடு நிற்காது.

உயரம் சரி, சாய்வு மட்டும் மக்கர்

90 டிகிரியிலிருந்து கிளம்பவே இல்லையென்றால் சாய்வு லாக். கிளம்பிச் சில டிகிரியிலேயே முட்டினால், பிளேடு நுழையும் தகட்டைப் பாருங்கள். விளிம்பு சிதறாமல் இருக்க பிளேடு அளவுக்கே வெட்டிய மரத்தகட்டைப் போட்டுவிட்டு, அதோடு சாய்க்கப் பார்க்கிறார்கள். நேராக வெட்டிய பிளவில் பிளேடு எப்படிச் சாயும்? சாய்ப்பதற்கு முன் அகலமான பழைய தகட்டை மாட்டுங்கள்.

45 வரை வராமல் 43, 44-இல் நின்றால் அங்கே ஒரு தடுப்பு போல்ட் இருக்கிறது. அதற்கும் வார்ப்புக்கும் நடுவே மரத்தூள் அழுந்தித் தட்டையாகியிருக்கும். குச்சியால் கிளறி எடுங்கள். தூள் இல்லையென்றால் போல்ட்டே கூடுதலாக உள்ளே வந்திருக்கிறது. லாக் நட்டைத் தளர்த்தி, மூலைமட்டம் வைத்து 45-க்குத் திருத்துங்கள். முழு உயரத்தில் ஏற்றி வைத்துச் சாய்த்தால் மோட்டார் பெட்டியில் முட்டுகிற மாடல்களும் உண்டு. பாதி உயரத்துக்கு இறக்கிவிட்டுச் சாய்த்துப் பாருங்கள்.

கனமாகச் சாய்ந்தால், வளைந்த வார்ப்பு நழுவும் பாதையில் கிரீஸும் பெயிண்டும் இருக்கும். முன்பு சொன்ன மண்ணெண்ணெய் வைத்தியமே.

வாங்கியபோது லேசு, இப்போது இறுகுகிறது

இதற்கு இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. இங்கே நாம் அறுப்பதில் பாதி ரப்பர் மரம். நன்றாகக் காயாத ரப்பர் பலகையின் தூள் ஈரமாக, மாவு மாதிரி இறங்கும். கெருயிங் மரத்தை அறுத்தால் இன்னும் மோசம். அதன் பிசின் சூட்டில் இளகிப் பல்லில் படிந்து, ஆறியதும் கெட்டியாகும். பல்லில் எண்ணெயும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

தூளை வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். காற்றடித்தால் அது பேரிங்குக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் போகும். மிச்சத்தைப் பிரஷ்ஷால் தட்டி, பிசினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, உலர்ந்த ஸ்பிரே அல்லது மெழுகு. கெருயிங் அறுக்கிற வாரத்தில் வாரக் கடைசியில் ஒரு தடவை இதைச் செய்துவிட்டால் இறுகுவதற்கு நேரமே கிடைக்காது.

இன்னொரு காரணம் துரு. மாலை மழை சாய்ந்து அடிக்கிற போர்ச்சில் நிறுத்திவிட்டு மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்துகிறோம். அதற்குள் ஈரம் தங்கி இரவெல்லாம் வேர்க்கும். அதைவிடப் பழைய போர்வைத் துணியைப் போர்த்துவது நல்லது. சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் காற்றோட்டமாக நிறுத்துங்கள்.

வேலியை நகர்த்தினால் இழுக்கிறது

வேலி என்பது பலகை ஒட்டி ஓடும் நேர்கட்டை. முன் தண்டவாளத்தில் கப்பல் கிரீஸ் மிச்சமிருந்தால் துடைத்து மெழுகு தேயுங்கள். வேலியின் அடியில் பிளாஸ்டிக் திண்டு இரண்டு, அவற்றை அழுத்தும் சின்னத் திருகு இரண்டு. திருகை எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்தினால் இழுப்பு போகும். கூடத் தளர்த்தினால் வேலி ஆடும். தண்டவாளத்தை மேசையோடு பிடிக்கும் போல்ட்டுகளில் நடுவிலிருப்பதை முதலில் முறுக்கி, பிறகு ஓரங்களை முறுக்குங்கள். மாற்றி முறுக்கினால் தண்டவாளம் வில்லாக வளைந்து, நடுவில் மட்டும் பிடிக்கும்.

திக்னஸரில் கைப்பிடி கனம்

தலைக்கு லாக் இருந்தால் முதலில் அது. அடுத்து, உள்ளே பலகை எதுவும் அழுந்தி நிற்கவில்லையே? நான்கு தூணிலும் கிரீஸ் காய்ந்திருந்தால் துடைத்து மெழுகு.

இவை சரியாக இருந்தும் ஒரு பக்கமாகத் திணறினால், இரண்டு திருகுத் தண்டுகளும் ஒன்றாகச் சுற்றவில்லை. அடியில் இரண்டையும் ஒரு செயின் இணைக்கும். ஒரே உயரமுள்ள மரக்கட்டையை இடப்பக்கம் வைத்துத் தலையை அதன்மேல் தொடும்வரை இறக்கி, அதே கட்டையை வலப்பக்கம் செருகிப் பாருங்கள். நுழையவில்லை அல்லது தளர்வாக ஆடுகிறது என்றால் செயின் ஒரு பல் தாண்டியிருக்கிறது. செயினைத் தளர்த்தி ஒரு பக்கத்துப் பல்சக்கரத்தை ஒரு பல் திருப்ப வேண்டும். திருகின் ஒரு சுற்று 3 எம்எம் ஏற்றி, சக்கரத்தில் 12 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 0.25 எம்எம் மாறும். அதற்குக் கீழான வித்தியாசத்தை இந்த வழியில் சரிசெய்ய முடியாது. அந்த அளவுக்குத் தலையின் போல்ட்டில் திருத்தம் வேண்டும், அதற்கு ஃபிட்டர்.

யாரைக் கூப்பிடுவது, கடையில் என்ன கேட்பது

உத்தரவாதம் ஓடிக்கொண்டிருக்கும்போது பல்லில் விரிசல், வளைந்த தண்டு, அசையவே அசையாத வீல் என்றால் வாங்கிய கடைக்கு. கடை முதலாளி தவுக்கே "கொஞ்ச நாள் ஓடட்டும், இளகும்" என்பார். கிரீஸ் இறுக்கம் இளகலாம். வளைந்த தண்டு இளகாது. வீடியோவைக் காட்டி, எந்தச் சோதனை செய்தீர்கள், எங்கே பிடிக்கிறது என்று சொல்லுங்கள். "இறுகுது" என்று மட்டும் சொன்னால் அனுப்பிவிடுவார். மார்க்கர் பூசி ஒரே பல்லில் இரும்பு தெரிகிறது என்று படம் காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

உத்தரவாதம் முடிந்திருந்தால் ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ரப்பர் ஃபேக்டரியிலும் செம்பனை ஆலையிலும் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஆட்கள் இந்த மாதிரி ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். இதைவிடப் பத்து மடங்கு பெரிய கியர் பெட்டியைப் பிரித்துச் சேர்த்த கைகள். புஷ் திருத்துவது, தண்டு கடைவது அவர்களுக்கோ ஒரு நல்ல லேத் கடைக்கோ போகட்டும். மோட்டார் முனகுகிறது, வீலைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றால் அது வயர்மேன் வேலை. அதுவரை பிளக்கைப் போடவே கூடாது.

கடைக்காரர் கையை விரித்துவிட்டால், சொந்த வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு. வழக்கறிஞர் வேண்டியதில்லை. நாற்காலி செய்து விற்கும் தொழிலுக்காக வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. எந்த வழியில் போனாலும் ரசீது கேட்பார்கள். கடை ரசீதுத் தாள் வெயிலில் வெளுத்து எழுத்தே மறைந்துவிடும்; வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து வையுங்கள்.